எந்த இவானிவ்கா? உக்ரைன் ஊர்ப் பெயர்கள் குறித்துக் கேள்வி பதில்

உக்ரைனில் ஏறத்தாழ 28,000 கிராமங்கள் இருக்கின்றன. இவானிவ்கா, மிகோலாயிவ்கா, ஒலெக்சாண்ட்ரிவ்கா, மிஹாய்லிவ்கா, பெட்ரிவ்கா ஆகிய பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் டஜன் கணக்கில் ஊர்கள் உண்டு. போர்ச் செய்தியிலோ பழைய ஆவணத்திலோ ஊர் மாறிப்போனால் ஆளும் மாறிப்போகிறார், இறந்தவர்களின் கணக்கும் தவறிப்போகிறது. அந்த நாட்டு வரைபடங்களோடும் பழைய ஊர்ப் பட்டியல்களோடும் நெடுநாள் பழகியவன் என்பதால், உங்கள் கேள்விகளுக்கு எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செய்திப் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர்: 2024-இல் "கோஸ்தியாந்தினிவ்கா வீழ்ந்தது" என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகும் "கோஸ்தியாந்தினிவ்கா மீது குண்டுவீச்சு, உக்ரைன் படை தாக்குப்பிடிக்கிறது" என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. எது சரி சார்?

இரண்டுமே சரிதான். டொனெட்ஸ்க் மாகாணத்துக்குள்ளேயே இரண்டு கோஸ்தியாந்தினிவ்கா உண்டு. ஒன்று, போருக்கு முன் 60,000 பேருக்கு மேல் வாழ்ந்த தொழில் நகரம். மற்றது தெற்கே மரிங்காவுக்கும் வுஹ்லெதாருக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கும் கிராமம். 2024-இல் ரஷ்யப் படை பிடித்தது அந்தக் கிராமத்தைத்தான்.

இதைவிட இக்கட்டானது பிலோஹோரிவ்கா. லுஹான்ஸ்க் மாகாணத்தில் ஒன்று, எல்லை தாண்டியதும் பக்கத்திலேயே டொனெட்ஸ்க் மாகாணத்தில் இன்னொன்று. 2022 மே மாதம் சிவெர்ஸ்கி டொனெட்ஸ் ஆற்றைக் கடக்க முயன்ற ரஷ்யப் படை பேரிழப்பைச் சந்தித்ததும், மக்கள் தஞ்சம் புகுந்திருந்த பள்ளிக்கூடத்தின் மீது குண்டு விழுந்ததும் லுஹான்ஸ்க் பிலோஹோரிவ்காவில். இரண்டு ஊர்ப் பக்கமும் சண்டை நடந்ததால், மாகாணத்தைச் சொல்லாத செய்தியை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. மக்கீயிவ்காவும் அப்படியே: டொனெட்ஸ்கை ஒட்டிய பெருநகரம் ஒன்று, லுஹான்ஸ்க் மாகாணத்துச் சிற்றூர் ஒன்று.

உங்கள் மேசையில் உக்ரைன் ஊர்ப் பெயர் வரும்போதெல்லாம் மாகாணத்தையும் மாவட்டத்தையும் சேர்த்தே எழுதுங்கள். இடம் போதாவிட்டால் வேறு எதையாவது வெட்டுங்கள், மாகாணத்தை வெட்டாதீர்கள்.

கோவை வாசகர்: ஏன் இவ்வளவு ஊர்களுக்கு ஒரே பெயர்? பெயர் வைக்க வேறு சொல்லே கிடைக்கவில்லையா?

இதற்குப் பதில் தெற்கு உக்ரைனின் புல்வெளிகளில் இருக்கிறது. பேரரசி இரண்டாம் கத்தரீன் 1775-இல் அங்கே தன்னாட்சியோடு வாழ்ந்த போர்வீரர் குழுவான சபரோஷியக் கோசாக்குகளின் கோட்டையை அழித்தார். 1783-இல் கிரிமியாவையும் ரஷ்யப் பேரரசோடு இணைத்துக்கொண்டார். அதன்பின் அந்தப் பரந்த நிலம் படை அதிகாரிகளுக்கும் பிரபுக்களுக்கும் பங்கு போடப்பட்டது. நிலம் பெற்றவர் குடியானவர்களைக் கொண்டுவந்து குடியேற்றி, ஊருக்குத் தன் பெயரையோ மகன், மனைவி பெயரையோ வைத்தார். இவானின் ஊர் இவானிவ்கா, ஒலெக்சாண்டரின் ஊர் ஒலெக்சாண்ட்ரிவ்கா, மரியாவின் ஊர் மரியிவ்கா, கத்தரீனின் ஊர் கத்தெரினிவ்கா. பிரபுக் குடும்பங்களில் புழங்கிய பெயர்களே கொஞ்சம்தான். ஆயிரக்கணக்கான புது ஊர்களுக்கு அந்தச் சில பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன.

இன்னொரு ஊற்று தேவாலயம். கன்னி மரியாளின் அடைக்கலத் திருவிழாவான பொக்ரோவாவுக்குக் கோயில் எழுப்பிய ஊர் பொக்ரோவ்கா அல்லது பொக்ரோவ்ஸ்கே ஆகும். புனித நிக்கோலாஸ் கோயில் இருந்தால் மிகோலாயிவ்கா. அதனால் இரண்டு மிகோலாயிவ்காவில் ஒன்று துறவியின் பெயராலும் மற்றொன்று ஜமீன்தாரின் பெயராலும் வந்திருக்கலாம். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. அந்தந்த ஊர் வரலாற்றைப் பார்க்காமல் காரணம் சொல்வது சரியில்லை.

வடக்கிலும் மேற்கிலும் ஊர்கள் பழையவை, காரணங்களும் வேறு. பிர்ச் மரக்காடு இருந்த இடம் பெரெஸிவ்கா, ஓக் தோப்பு திப்ரோவா, கல் நிறைந்த ஆற்றங்கரை காமியன்கா, பழங்கோட்டை மேடு ஹொரோதிஷ்சே. புதிதாகக் குடியேறிய இடங்கள் நொவோசில்கி, நொவோசெலித்சியா. சில ஆண்டுகளுக்கு வரிவிலக்குக் கொடுத்து ஆள் சேர்த்த குடியிருப்புகள் ஸ்லொபொதா. கார்கிவ், சுமி பகுதிக்கே ஸ்லொபொஷான்ஷினா என்று பெயர் நிலைத்தது இப்படித்தான்.

வின்னிட்சியாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய திருச்சி வாசகி: அங்கே பேருந்துப் பலகையில் "செர்னிவ்ட்சி" என்று இருக்கும். என் தோழி செர்னிவ்ட்சியில்தான் படித்தாள், ஆனால் அது இந்தப் பேருந்து இல்லை என்பார்கள். ஏன் அண்ணா?

உங்கள் தோழி படித்தது புக்கோவினாவில் புரூத் ஆற்றங்கரையில் உள்ள பெருநகரம், செர்னிவ்ட்சி மாகாணத்தின் தலைநகர். அந்தப் பேருந்து போனது வின்னிட்சியா மாகாணத்துக்குள்ளேயே, மொஹிலிவ்-பொதில்ஸ்கி மாவட்டத்தில் இருக்கும் செர்னிவ்ட்சி என்ற சிறு ஊருக்கு.

நகரங்களிலும் இந்த இரட்டைகள் உண்டு. கப்பல் கட்டும் மிகோலாயிவ் எல்லோருக்கும் தெரியும். 1788 டிசம்பரில் நிக்கோலாஸ் திருநாளன்று துருக்கியரின் ஒச்சாகிவ் கோட்டையை ரஷ்யப் படை பிடித்ததன் நினைவாக அந்தப் பெயர் வந்தது. லிவிவ் மாகாணத்தில் அதைவிடப் பழைய மிகோலாயிவ் ஒன்று இருக்கிறது. ஹொரோதொக் லிவிவ் மாகாணத்தில் ஒன்று, க்மெல்னித்ஸ்கி மாகாணத்தில் ஒன்று.

சேலம் வாசகர்: நம்மூரில் மேல, கீழ என்று சேர்ப்பதுபோல அங்கே அடைமொழி கிடையாதா?

தாராளமாக உண்டு. வெலிகா என்றால் பெரிய, மாலா சிறிய, நோவா புதிய, ஸ்தாரா பழைய, வேர்ஹ்னியா மேல், நிஷ்னியா கீழ். ஆற்றையோ பகுதியையோ சேர்ப்பதும் வழக்கம். செர்காசி மாகாணத்தில் வெறும் காமியன்கா, லிவிவ் பக்கம் பூக் ஆற்றங்கரையில் காமியன்கா-பூஸ்கா, சபோரிஷியா மாகாணத்தில் ட்னிப்ரோ ஆற்றங்கரையில் காமியன்கா-ட்னிப்ரோவ்ஸ்கா. மொஹிலிவ்-பொதில்ஸ்கியில் வால் இருப்பது பெலாருஸின் மொஹிலிவிலிருந்து பிரித்துக் காட்ட. ராவா-ருஸ்கா அப்படியே போலந்தின் ராவாவிலிருந்து.

ஆனால் அடைமொழியும் தீர்ந்துபோகிறது. வெலிகா ஒலெக்சாண்ட்ரிவ்கா கெர்சோன் மாகாணத்திலும் உண்டு, கீவ் மாகாணத்திலும் உண்டு. நொவோமிகோலாயிவ்கா, நொவோஒலெக்சாண்ட்ரிவ்கா எத்தனையோ. பழைய ஊரிலிருந்து பிரிந்து போனவர்கள் பெயரையும் கூடவே எடுத்துப்போனார்கள்.

2020 ஜூலையில் நடந்த நிர்வாகச் சீர்திருத்தம் இதை இன்னும் சிக்கலாக்கியது. 490 மாவட்டங்கள் 136 ஆகச் சுருங்கின. முன்பு "இன்ன மாவட்டத்து இவானிவ்கா" என்றாலே போதும். இப்போது ஒரே பெரிய மாவட்டத்துக்குள் ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் வந்துவிட்டன. ஆகவே ஹ்ரோமாதாவின் பெயரும் தேவைப்படுகிறது. பல கிராமங்கள் சேர்ந்த அடிப்படை உள்ளாட்சி அமைப்பு அது.

ஈரோடு வாசகர்: உக்ரைனில் நியூயார்க் இருப்பது உண்மையா?

உண்மை. டொனெட்ஸ்க் மாகாணத்தில் டோரெட்ஸ்க் அருகில். 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்த பெயர். 1951-இல் சோவியத் அரசு அதை நொவ்ஹொரோத்ஸ்கே என்று மாற்றியது. ஊர்க்காரர்கள் கேட்டு, 2021-இல் நாடாளுமன்றம் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது.

சென்னை, வரலாற்று மாணவி: சோவியத் காலத்துப் பெயர்களை 2016-இல் மாற்றினார்களே, அதனால் குழப்பம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா?

குறையவில்லை என்பதே என் கருத்து. சோவியத் ஆட்சி தன் பங்குக்கு ஏராளமான இரட்டைகளை உண்டாக்கியது. அக்டோபர் புரட்சிக்காக ஷோவ்த்னெவே, செங்கொடிக்காக செர்வோனே, மே தினத்துக்காக பெர்வொமாய்ஸ்கே, பிறகு லெனின், கிரோவ், ஜெர்ஜின்ஸ்கி பெயர்கள். 2015-இல் வந்த சட்டத்தின்படி அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய ஆயிரம் ஊர்களின் பெயர் மாறியது. ஆனால் மக்கள் பெரும்பாலும் விரும்பியது பாட்டன் காலத்துப் பெயரை, அல்லது கோயில், மரம், ஆறு சார்ந்த பெயரை. க்ராஸ்னோஆர்மீஸ்க் பொக்ரோவ்ஸ்க் ஆனது. ட்னிப்ரோபெட்ரோவ்ஸ்க் மாகாணத்தின் ஒர்ஜோனிகித்ஸே பொக்ரோவ் ஆனது. அதே மாகாணத்தில் பொக்ரோவ்ஸ்கே என்ற ஊரும் ஏற்கெனவே இருக்கிறது. போர்ச் செய்திகளில் இந்த மூன்றும் கலங்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அதற்காக அந்த மாற்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். அர்த்தெமிவ்ஸ்க் மீண்டும் பக்முத் ஆனது நியாயம். 2024 செப்டம்பரில் இன்னொரு பெரிய பட்டியலாக 327 ஊர்களின் பெயர் மாறியது. செர்வோனோஹ்ராத் ஷெப்தித்ஸ்கி ஆனது அப்போதுதான்.

அதே மாணவி: கிரிமியாவில்?

அங்கே நடந்தது மனத்தை வருத்துவது. 1944 மே மாதத்தில் கிரிமியத் தாத்தார் மக்களை ஒட்டுமொத்தமாக நாடுகடத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவர்களுடைய ஊர்ப் பெயர்களையும் நூற்றுக்கணக்கில் அழித்தார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து மொத்தமாக வைத்த புதுப் பெயர்கள் திராட்சைத் தோட்டம், பழத்தோட்டம் என்று எந்த ஊருக்கும் பொருந்துபவை. தாத்தார் பெயர்கள் பெரும்பாலும் அந்தந்த இடத்துக்கே உரியவை. 2016 மே மாதம் உக்ரைன் நாடாளுமன்றம் க்ராஸ்னோபெரேகோப்ஸ்குக்கு யானி காப்பு என்பது உள்பட பல பெயர்களை மீட்டுத் தீர்மானித்தது. தீபகற்பம் உக்ரைன் கட்டுப்பாட்டுக்குத் திரும்பும்போது அவை நடைமுறைக்கு வரும்.

மொழிபெயர்ப்பு செய்யும் வாசகர்: ஒரே கட்டுரையில் மிகோலாயிவ், மிகோலாயேவா என்று வருகிறது. இரண்டு ஊரா ஐயா?

ஒன்றுதான். மதுரை, மதுரையில், மதுரையின் என்று நாம் சொல்வதுபோல அங்கும் வேற்றுமை உருபு சேரும். சேரும்போது உள்ளே இருக்கும் உயிரெழுத்தும் மாறும். லிவிவ் "ல்வோவா" ஆகும், கார்கிவ் "கார்கோவா" ஆகும். கணினி மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் வழுக்குகிறது. "பொக்ரோவ்ஸ்கு" என்று முடிந்தால் பொக்ரோவ்ஸ்க் நகரில், "பொக்ரோவ்ஸ்கொமு" என்று முடிந்தால் பொக்ரோவ்ஸ்கேயில். மூலத்தைப் பார்க்காமல் பெயரை எடுக்காதீர்கள். இவானோவ்கா என்று எழுதியிருந்தால் ரஷ்ய வடிவம், இவானிவ்கா உக்ரைனிய வடிவம்.

தரவுப் பணியாளர்: இரண்டு அட்டவணைகளை ஊர்ப் பெயரை வைத்து இணைக்கிறேன். எல்லாம் தப்பாக ஒட்டிக்கொள்கிறது.

பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஊருக்கும் அரசு கொடுத்திருக்கும் குறியீட்டை வைத்து இணையுங்கள். 2020 வரை கோஆதூ என்ற 10 இலக்க எண் இருந்தது. அதன்பின் கதோத்தஹ் வந்தது: நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்தும் 17 இலக்கமும். பழைய அட்டவணையில் முந்தைய எண்தான் இருக்கும், ஆகவே முதலில் இரண்டுக்கும் இணைப்புப் பட்டியல் தேவை.

டொராண்டோ வாசகி: பக்கத்து வீட்டு அம்மா உக்ரைனிய வம்சம். அவருடைய தாத்தா 1900-களின் தொடக்கத்தில் "இவானிவ்கா, கலீசியா" என்ற இடத்திலிருந்து கனடா வந்தாராம். எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கலீசியா என்று எழுதியிருப்பதே பெரிய உதவி. இன்றைய மேற்கு உக்ரைன் பக்கம் இருந்த அது, அன்று ஆஸ்திரியப் பேரரசின் பகுதி. 1891-இல் கனடா வந்த முதல் உக்ரைனியர்களான இவான் பிலிபிவ்வும் வசில் எலெனியாக்கும் கலீசியாவின் நெபிலிவ் கிராமத்தவர்கள்தான். தெற்குப் புல்வெளியின் இவானிவ்காக்களை எல்லாம் ஒரே வீச்சில் ஒதுக்கிவிடலாம்.

அடுத்து, குடியுரிமைத் தாளிலோ கப்பல் பயணிகள் பட்டியலிலோ மாவட்டப் பெயர் இருக்கிறதா பாருங்கள். அன்று ஆவணங்களில் போலிஷ் எழுத்தமைப்பு வழங்கியது, ஆகவே "இவானூவ்கா" என்றும் இருக்கும். பாட்டியின் பிறந்த ஊரையும் அவசியம் கேளுங்கள். கிராமத்தார் பெரும்பாலும் பக்கத்து ஊரில்தான் பெண் எடுத்தார்கள், பாட்டியின் ஊர்ப் பெயர் அரிதானதாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1880 முதல் 1902 வரை வார்சாவில் வெளிவந்த போலந்து இராச்சியப் புவியியல் அகராதி, ஒரே பெயருள்ள ஊர்களை எண் போட்டு, எந்த மாவட்டம், எந்தத் திருச்சபைப் பங்கு என்று பிரித்துக் கொடுக்கிறது. நான் இந்த வேலைக்கு முதலில் திறப்பது அதைத்தான்.

ஊர் ஓரளவு தெரிந்ததும் ஞானஸ்நானப் பதிவேடு. கலீசியா உக்ரைனியர்கள் பெரும்பாலும் போப்பை ஏற்றுக் கிழக்கத்திய முறையில் வழிபடும் கிரேக்கக் கத்தோலிக்கர்கள். அவர்களுடைய பதிவேடுகளில் பெரும் பகுதி லிவிவ் மத்திய வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மொழி லத்தீன். தாத்தா கனடாவில் ஆர்த்தடாக்ஸ் கோயிலுக்குப் போனார் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பலர் கனடா வந்தபின் மாறியவர்கள்.

டொராண்டோ வாசகி: இரண்டு ஊர்கள் மிஞ்சுகின்றன. இரண்டிலும் அதே குடும்பப் பெயர் இருக்கிறது. இனி என்ன செய்வது?

வீட்டு எண்ணைப் பாருங்கள். அந்தப் பதிவேடுகளில் ஒவ்வொரு பிறப்புக்கும் திருமணத்துக்கும் இறப்புக்கும் எதிரே வீட்டு எண் குறித்திருப்பார்கள். தாத்தாவின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயர்களை அந்த அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வீட்டு எண்ணில் அந்தப் பெயர்கள் எந்த ஊரில் ஒன்றுசேர்கின்றனவோ அதுதான் அவருடைய இவானிவ்கா. காப்பகத்துக்கு எழுதும்போது உக்ரைனிய மொழியிலேயே எழுதி, ஆஸ்திரியக் காலத்து மாவட்டப் பெயரையும் இன்றைய மாகாணம், மாவட்டம், ஹ்ரோமாதா மூன்றையும் குறிப்பிடுங்கள்.