செல்போன் வந்த பிறகு கணவன் மனைவிக்கு நடுவே என்ன மாறியிருக்கிறது?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: கணவர் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி, எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறார். குற்றம் தொழில்நுட்பத்தின் மேலா, ஆளின் மேலா? வீட்டில் போனுக்கு நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தால் சரியாகுமா?

பின்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நேரக் கட்டுப்பாட்டில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேருமே கணினி முன்னால் உட்கார்ந்து பிழைப்பவர்கள். திரை பார்த்த நேரத்தைக் கூட்டிக் கணக்குப் போட்டால் நாங்கள் எப்போதோ ஆளுக்கொரு பக்கம் போயிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. நான் கவனித்தவரை, எரிச்சலைக் கிளப்புவது நேரம் அல்ல. பக்கத்தில் இருப்பவர் அந்தத் திரையில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று நமக்குத் தெரியாமல் இருப்பதுதான்.

ஒருவர் செய்தித்தாளை விரித்துப் படித்தால் அவர் என்ன செய்கிறார் என்பது அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். எந்தப் பக்கம் வந்திருக்கிறார், இன்னும் எவ்வளவு நேரமாகும் என்றுகூட ஊகிக்கலாம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் பின்பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு கமெண்ட் அடிக்கலாம். டிவியும் அப்படித்தான். பிடிக்கிறதோ இல்லையோ, எல்லோரும் சேர்ந்து ஒரே நிகழ்ச்சியைத் திட்டலாம். போனில் அந்த வசதி கிடையாது. அலுவலக மெயில், வங்கி வேலை, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, பழைய நண்பனோடு அரட்டை, ரீல்ஸ் எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் ஒரே குனிந்த தலைதான். இப்போது பேச்சுக் கொடுக்கலாமா, கூடாதா என்று முடிவு செய்ய ஒரு தடயமும் கிடைக்காது. தடயம் இல்லாத இடத்தில் மனசு தானாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளும். அது நல்லதாகவே இருக்காது. அவர் பையனின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருப்பார். நான் ரீல்ஸ் என்று நினைத்து உள்ளுக்குள் பொரிந்துகொண்டிருப்பேன்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. வீட்டு வேலையே பாதி போனுக்குள் குடிபோய்விட்டது. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் பெரும்பாலும் அம்மாவின் எண்தான் இருக்கும். நாளைக்கு எந்தச் சீருடை, எந்தப் படிவத்தில் கையெழுத்து, என்றைக்கு லீவு எல்லாம் அதில்தான் வந்து விழும். அப்புறம் மின்கட்டணம், காப்பீட்டுப் புதுப்பிப்பு, தடுப்பூசித் தேதி, அளவு சரியில்லாத சட்டையைத் திருப்பி அனுப்புவது. முன்பெல்லாம் இந்த வேலைகளுக்கு அலைய வேண்டியிருந்தது, வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அலைந்து திரும்பியவரைப் பார்த்து "ரொம்ப அலைச்சலா?" என்று கேட்க மற்றவருக்கு ஒரு முகாந்திரமாவது இருந்தது. அதே வேலைகளைச் சோபாவில் உட்கார்ந்தபடி முடிக்கிறவரிடம் "இன்னும் போனை வைக்கலையா?" என்றுதான் கேட்கிறோம். உழைப்பும் பொழுதுபோக்கும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகிப்போனதால் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் குறை சொல்கிறோம். தொழில்நுட்பம் குடும்பத்துக்குச் செய்த தீமைகளில் யாரும் அதிகம் பேசாதது இதுதான் என்பது என் எண்ணம்.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வீடு மாதிரியே அமைத்த ஓர் ஆய்வகத்தில் புதுமணத் தம்பதிகளைத் தங்கவைத்துக் கவனித்தார். சண்டைகளை மட்டுமல்ல, "அந்தப் பறவையைப் பாரேன்" என்பது போல ஒருவர் சொல்லும் சில்லறை விஷயத்துக்கு மற்றவர் திரும்புகிறாரா என்பதையும் அவர் எண்ணினார். ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்தவர்கள் அந்த மாதிரி அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்குத்தான். ஸ்மார்ட்போன் காலத்துக்கு முந்தைய ஆய்வு இது. துணையைக் கவனிக்காமல் இருக்கப் போன் தேவையில்லை என்பது அதிலேயே தெரிகிறது. ஆனால் போன் முதலில் தின்பது அந்தச் சில்லறை அழைப்புகளைத்தான். வீடு தீப்பிடித்தது என்றால் யாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். "இங்க பாரேன்" என்றால் "ம்" வரும். நாலைந்து "ம்" வாங்கியவர் அடுத்த முறை கூப்பிட மாட்டார், தானும் ஒரு போனை எடுத்துக்கொள்வார். அதற்கப்புறம் யார் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதைதான், கொஞ்சம் சத்தம் அதிகம். குழந்தை மருத்துவர் ஜென்னி ரடெஸ்கியும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், துரித உணவகங்களில் குழந்தைகளோடு வந்த 55 பெரியவர்களைச் சும்மா உட்கார்ந்து கவனித்தார்கள். 40 பேர் போனை எடுத்தார்கள். போனிலேயே மூழ்கிப்போனவர்களில் சிலர், கவனத்தை ஈர்க்கக் குழந்தை செய்யும் சேட்டைக்குக் கடுமையாகச் சீறினார்கள். பெரியவராவது கோபத்தில் பேசாமல் இருந்துவிடுவார். குழந்தைக்குத் தெரிந்த ஒரே வழி, எதையாவது கீழே தள்ளுவது.

அடுத்தது எழுத்தில் நடக்கும் சண்டை. வாயால் போட்ட சண்டைக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு: மறுநாள் இரண்டு பேருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் பெருந்தன்மையாக விட்டுவிடலாம். வாட்ஸ்அப்பில் போட்ட சண்டை தேதி, மணியோடு அப்படியே கிடக்கும். ஒரு வருடம் கழித்தும் ஸ்கிரீன்ஷாட்டாக எழுந்து வரும். குரல் ஏற்ற இறக்கம் இல்லாததால் "சரி" என்ற ஒற்றைச் சொல்லைக்கூட இரண்டு மூன்று விதமாக வாசிக்கலாம், நாம் மோசமான விதத்தைத்தான் வாசிப்போம். போதாக்குறைக்கு நீல டிக் வேறு. 2014 நவம்பரில் வந்தது. வந்த வேகத்தில் எழுந்த எதிர்ப்பைப் பார்த்து அதை அணைத்துவைக்கும் வசதியையும் கொடுத்தார்கள். நம்முடையதை அணைத்தால் மற்றவருடையதும் நமக்குத் தெரியாது. எங்கள் இரண்டு போனிலும் அது அணைந்தே இருக்கிறது. "பார்த்துட்டு ஏன் பதில் போடலை" என்ற ஒரு வாக்கியம் வீட்டிலிருந்து காணாமல் போனதில் கிடைத்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. முக்கியமான விஷயம், கோபமான விஷயம் எதுவானாலும் போன் பண்ணிப் பேசுவது, இல்லையென்றால் நேரில் பார்க்கும்வரை அடக்கிவைப்பது என்றும் பேசிவைத்திருக்கிறோம்.

இருக்கும் இடத்தைப் பகிரும் வசதி பற்றியும் பலர் கேட்கிறார்கள். இரண்டு பேரும் மனசார விரும்பி, இரவில் தனியாக வரும்போது பாதுகாப்புக்காக என்றால் நல்லதே. ஒருவர் கட்டாயப்படுத்தி மற்றவர் வேறு வழியில்லாமல் ஆன் செய்திருந்தால் அதற்குப் பெயர் கண்காணிப்பு.

நல்லதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இந்தப் பதில் ஒருதலைப்பட்சமாகிவிடும். வேலை காரணமாக நானும் அவரும் கொஞ்ச காலம் வேறு வேறு நாட்டில் இருந்தோம். அந்த நாட்களில் நாங்கள் பேசிய அளவுக்கு ஒரே வீட்டில் இருக்கும்போது பேசுவதில்லை. நேரம் குறித்து, காத்திருந்து, முழுசாகக் கேட்டுப் பேசுவோம். இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை போலிருக்கிறது. கிரிஸ்டல் ஜியாங், ஜெஃப்ரி ஹான்காக் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, தொலைவில் இருக்கும் காதலர்கள் தங்களைப் பற்றி மனம் விட்டு அதிகம் சொல்லிக்கொண்டதையும், நெருக்கத்தைக் கூடுதலாக உணர்ந்ததையும் காட்டியது. திரை அங்கேயும் இருந்தது, நாள் முழுக்கவே இருந்தது. ஆனால் அந்தத் திரையில் எதிரே இருந்தது துணையின் முகம்.

கைக்குழந்தைகளுக்கும் இது பொருந்துகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல், 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று சொன்னபோது வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், வீடியோ காலில் எதிரில் இருந்தவர் பதிலுக்குப் பதில் பேசியபோது பிள்ளைகள் புதுச் சொற்களை நேரில் கற்பது போலவே கற்றார்கள். முன்கூட்டிப் பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. ஆகவே தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் கொஞ்சுவதையும், கார்ட்டூன் போட்டுக் கையில் கொடுப்பதையும் "ஸ்கிரீன் டைம்" என்று ஒரே கணக்கில் எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

தீர்ப்பை அவசரமாக எழுதவும் கூடாது. ராபர்ட் கிராவுட் தலைமையிலான குழு 1998இல், இணையம் புதிதாக வந்த 73 குடும்பங்களைப் பின்தொடர்ந்து, இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்கள் வீட்டாரோடு பேசுவது குறைந்தது, தனிமை கூடியது என்று அறிவித்தது. அதே குழு 2002இல் திரும்பிப் பார்த்தபோது அந்தப் பாதிப்புகள் பெரும்பாலும் மறைந்துபோயிருந்தன. மனிதர்கள் பழகிக்கொள்கிறார்கள், கருவிகளும் மாறுகின்றன.

இனி கேட்டவருக்கு நேரடியாக. உங்கள் கணவரிடம் "போனைக் குறையுங்க" என்று சொல்லாதீர்கள், அது வாக்குவாதத்தில்தான் முடியும். எங்கள் வீட்டில் பலித்தது இது: போனை எடுக்கும்போது என்னத்துக்கு என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது. "ஒரு மெயிலுக்குப் பதில் போட்டுட்டு வரேன்." "பத்து நிமிஷம் சும்மா ரீல்ஸ் பாக்கப் போறேன், மூளை ஓடலை." ரீல்ஸ் என்றே சொன்னாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. சொல்லிவிட்டுப் போகிறவர் திரும்பி வருவார் என்று தெரிகிறது. முதலில் நீங்கள் ஆரம்பியுங்கள், அவரிடம் எதையும் கேட்காமல். ஆரம்பத்தில் நாடகம் மாதிரித்தான் இருக்கும். பில் கட்டும்போது சத்தமாகச் சொல்லிக் கட்டுங்கள், உங்கள் வேலையும் வெளிச்சத்துக்கு வரும்.

ஆனால் நீங்கள் பக்கத்தில் வந்ததும் அவர் திரையைக் கவிழ்க்கிறார், கேட்டால் கத்துகிறார் என்றாலோ, உங்கள் போனை மட்டும் பிடுங்கிப் பார்க்கிறார் என்றாலோ, மேலே எழுதியது எதுவும் உங்களுக்கானதல்ல. அது போன் சம்பந்தப்பட்ட பிரச்சினையே இல்லை. நம்பகமான ஒருவரிடமோ குடும்பநல ஆலோசகரிடமோ பேசுங்கள், உங்களிடம் உள்ள அந்தப் போனிலேயே அழைத்து.