வரி மறந்த பாடகர்

அன்புள்ள ஐயா,

லண்டனில் கணினித் துறையில் வேலை செய்கிறேன். கூட வேலை பார்ப்பவர் சென்ற வாரம் வற்புறுத்தி, எதிர்ப்பைக் கத்திப் பாடும் பங்க் ராக் கச்சேரி ஒன்றுக்குக் கூட்டிப்போனார். இலவச உணவு வழங்கும் அமைப்பு ஒன்றுக்கான நிதி வசூல் அது. மேடையில் இருந்த எல்லாருக்கும் அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒருவர் முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். பாடகர் நடுவில் வரியை மறந்துவிட, கூட்டம் எடுத்துக்கொடுத்தது. எதிர்த்துக் கத்துவது இளைஞர்களின் வேலை இல்லையா? நல்ல காரியம் என்பதற்காக மோசமான கச்சேரியைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

– ஒரு வாசகர், லண்டன்

அன்புள்ள நண்பருக்கு,

பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நிதிக்காக நடக்கும் கச்சேரிகளில் பெரும்பாலானவை சுமார் ரகம்தான், பாட்டைவிட நன்றியுரை நீளம். ஆனால் வரியைக் கூட்டம் எடுத்துக்கொடுத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை நான் குறைக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

உங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2002 நவம்பரில் பிரிட்டனின் தீயணைப்பு வீரர்கள் ஆண்டுக்கு 30,000 பவுண்டு சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ராணுவம் 1950களின் பழைய பச்சைத் தீயணைப்பு வண்டிகளைத் தூசி தட்டி ஓட்டியது. நவம்பர் 15 அன்று மேற்கு லண்டனின் ஆக்டன் டவுன் ஹாலில் அவர்களுக்காக ஒரு நிதிக் கச்சேரி. பாடியவர் ஜோ ஸ்ட்ரம்மர், 'தி கிளாஷ்' என்ற பழைய பங்க் குழுவின் பாடகர். வயது ஐம்பது. பார்வையாளர்களில் ஒருவராக மிக் ஜோன்ஸ் வந்திருந்தார். அதே குழுவின் கிதார்காரர், 1983ல் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர். பிறகு இருவரும் ராசியாகி, சேர்ந்து பாட்டுகூட எழுதினார்கள். மேடையில் மட்டும் அதுவரை சேரவே இல்லை. பெரிய தொகைகள் பேசியும் பழைய குழு மறுபடி கூடவில்லை.

அன்று தி கிளாஷின் 'பேங்க்ராபர்' பாட்டு தொடங்கியதும் ஜோன்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்னேற்பாடு எதுவும் கிடையாது, மேடையேறிக் கிதாரை மாட்டிக்கொண்டார். அடுத்து 'ஒயிட் ரயட்'. 1980ல் ஷெஃபீல்டில் இருவருக்கும் கைகலப்பே வந்தது இந்தப் பாட்டை வாசிப்பதா வேண்டாமா என்பதில்தான். கடைசியில் 'லண்டன்ஸ் பர்னிங்'. சம்பளப் போராட்டத்தில் இருக்கும் தீயணைப்புக்காரர்களுக்கு முன்னால் லண்டன் எரிகிறது என்று பாடி முடிக்கத் தனிக் குசும்பு வேண்டும்.

37 நாள் கழித்து, டிசம்பர் 22 அன்று, ஸ்ட்ரம்மர் இறந்துபோனார். பிறவியிலேயே இருந்த இதயக் கோளாறு, அதுவரை யாரும் கண்டுபிடிக்காதது. அந்தக் கச்சேரியின் பதிவு 2012ல் இசைத்தட்டாக வந்தது. கேட்டுப்பாருங்கள்.

இளைஞர்களின் வேலை என்கிறீர்கள். 1978ல் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிரான விழாவில் இதே ஸ்ட்ரம்மர் பாடியபோது அவருக்கு 25 வயது, எதிரே பல்லாயிரம் பேர். அந்த வயதில், அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கே கத்தத் தோன்றும். ஐம்பதில், ஒரு டவுன் ஹாலில், சம்பளத் தகராறுக்காகப் பாடப் போனாரே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அன்று அவர் சுருதி விலகினாரா என்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

முழங்கால் பட்டைக்காரர் என்ன வாசித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. டிரம்ஸ் என்றால், அந்தக் காலோடு கச்சேரி முழுக்க மிதித்திருக்கிறார்.

அன்புடன்