ஸ்பீட் ஓவன் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். வீட்டில் ஆறு பேர். சமையலறையைப் புதுப்பிக்கிறோம். பழைய ஓவனையும் மைக்ரோவேவையும் எடுத்துவிட்டு, இரண்டு வேலையையும் செய்யும் ஸ்பீட் ஓவன் ஒன்றை அலமாரியில் பதித்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். பாதி நேரத்தில் சமையல் முடியுமாம், மின்சாரமும் மிச்சமாம். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, தீபாவளிக்கு பிஸ்கட் என்று ஓவனுக்கு எப்போதும் வேலை உண்டு. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம் தங்கச்சி. ஆனால் பெரிய ஓவனைக் கழற்றிவிட்டு அதற்குப் பதிலாக வாங்காதீர்கள். உங்கள் வீட்டுச் சமையலுக்கு அது ஒத்துவராது.

இந்த ஓவனுக்குள் மூன்று விதமான சூடு சேர்ந்து வேலை செய்கிறது. மைக்ரோவேவ், பண்டத்தில் இருக்கும் ஈரத்தைச் சூடாக்குகிறது. விசிறி சுழற்றும் சூடான காற்று மேல்பக்கத்தை உலர்த்துகிறது. கூரையில் இருக்கும் கிரில் சிவக்க வைக்கிறது. வேகம் என்று கடையில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் மைக்ரோவேவ் தருவதுதான். அதனால் ஈரமும் கனமும் உள்ள பண்டங்களில்தான் நேரம் மிச்சமாகும். ஒன்றரைக் கிலோ முழுக் கோழி சாதாரண ஓவனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இதில் ஏறத்தாழ 35, 40 நிமிடத்தில் தோல் சிவந்து வெந்துவிடும். முழு உருளைக்கிழங்கு, மசாலா தடவிய கோழித் துண்டுகள், மெக்கரோனி பேக் எல்லாம் நன்றாக வரும். ஃப்ரீசரில் இருந்து எடுத்த சுட்ட சமோசாவை வெறும் மைக்ரோவேவில் வைத்தால் துவண்டுபோகும். இதில் குறைந்த மைக்ரோவேவும் சூடான காற்றும் சேர்ந்து மொறுமொறுப்பாக்கிவிடும்.

இப்போது உங்கள் பிஸ்கட்டுக்கு வருவோம். அந்த மாவில் வெண்ணெயும் சர்க்கரையும்தான் அதிகம், ஈரம் குறைவு. மைக்ரோவேவ் சேர்த்தால் வெளியே வெளுத்திருக்கும்போதே உள்ளே கருகத் தொடங்கும். ஆகவே வெறும் சூடான காற்றில்தான் சுட வேண்டும், நேரத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை. அதிலும் பெரும்பாலான ஸ்பீட் ஓவன்களில் ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான் வசதியாகப் போகும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தீபாவளித் தட்டு அனுப்புகிற குடும்பத்தில் இரண்டு, மூன்று தட்டு ஒன்றாகப் போகும் ஓவன் இல்லாவிட்டால், ராத்திரி முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டியதுதான்.

பிரியாணியும் அப்படியே. பருப்பும் உருளைக்கிழங்கும் அடுக்கி மூடி ஓவனில் தம் போடுகிறோமே, அந்த அலுமினியப் பானையை வைத்துக்கொண்டு மைக்ரோவேவைப் போடக்கூடாது, பொறி பறக்கும். வெறும் சூட்டில் வைக்கலாம், ஆனால் பானை உள்ளே நுழையுமா என்று பாருங்கள். அலமாரியில் பதிக்கும் ஸ்பீட் ஓவன் வெளியே 45 செ.மீ. உயரம் இருந்தாலும் உள்ளே பொதுவாக 20 முதல் 25 செ.மீ.தான் கிடைக்கும். பானையை மூடியோடு நிறுத்தி அளந்து, அந்த அளவை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். லிட்டர் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மின்சார மிச்சம் என்ற பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அறை சிறியது, சீக்கிரம் சூடேறும், நேரமும் குறைவு. ஒரு கோழிக்கு அரை யூனிட் மிச்சமானால் அதிகம். ப்ரீபெய்ட் மீட்டரில் அது கண்ணுக்குத் தெரியலாம், ஆனால் அந்த ஓவனுக்குக் கொடுத்த காசை ஒருநாளும் திருப்பித் தராது. மின்சாரத்துக்காக வாங்குகிறோம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். வார நாளில் வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறவருக்கு ஏழு மணிக்குள் கோழி மேசைக்கு வருமே, அதற்குத்தான் விலை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 60 செ.மீ. சாதாரண ஓவன் ஒன்றை நல்லதாகப் பதித்துவிட்டு, மேடைமேல் வைக்கும் கன்வெக்‌ஷன் (விசிறி சுழற்றும் சூடான காற்று), கிரில் சேர்ந்த மைக்ரோவேவ் ஒன்றை வாங்குவேன். பதிக்கும் ஸ்பீட் ஓவன் செய்வதில் பெரும்பகுதியை அதுவும் செய்யும், விலை அதில் ஒரு சிறு பங்குதான். வாங்கும்போது இன்வெர்ட்டர் மைக்ரோவேவா என்று கேளுங்கள். சாதாரண மைக்ரோவேவில் பாதிச் சக்தி என்று வைத்தால் அது முழுச் சக்தியில் ஓடி, நின்று, மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் உள்ளதில் குறைந்த சக்தி விடாமல் ஒரே சீராக வரும். காற்றையும் மைக்ரோவேவையும் சேர்த்துச் சமைக்கும்போது இறைச்சியின் ஓரம் ரப்பராகாமல் இருப்பதற்கு இது மிகவும் உதவும்.

சுழலும் தட்டு உள்ள மாடலானால் உங்கள் நீள்சதுரப் பாத்திரத்தின் மூலைக்கு மூலை அளவைப் பாருங்கள். 35க்கு 25 செ.மீ. பாத்திரம் மூலைக்கு மூலை 43 செ.மீ. வரும், பல மாடல்களின் உள்சுவரில் இடித்து நின்றுவிடும். இன்னொன்று, கதவைத் திறந்து கையை விட்டு உள்கூரையைத் தொட்டுப் பாருங்கள். மசாலாக் கோழி தெறிக்கும் எண்ணெய் போய் ஒட்டுவது அங்கேதான். துணி எட்டாத ஓவன் மூன்று மாதத்தில் புகையத் தொடங்கும்.

பதிக்கும் மாடலைத்தான் வாங்குவது என்று முடிவெடுத்தால் சுவரில் உள்ள வயரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பல மாடல்கள் 3.4 கிலோவாட், அதற்கு மேலும் இழுக்கும். நம் பெரிய மூன்று கால் பிளக்கின் எல்லை 16 ஆம்பியர், அதாவது 230 வோல்ட்டில் 3.68 கிலோவாட். அதே வரிசையில் கெட்டிலையும் போட்டால் வீட்டின் மின்விநியோகப் பலகையான டிபி போர்டில் சுவிட்ச் விழுந்துவிடும். ஓவனுக்குத் தனி சர்க்கியூட் போடச் சொல்லுங்கள். பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் வயரிங் விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் சிஓசி சான்றிதழைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போதும், தீ விபத்துக்கு இன்சூரன்ஸ் கேட்கும்போதும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

கேள்வி: என் அண்ணன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறார். வீடு மாறுவதால் தன் ஜிஇ அட்வான்ஷியம் ஸ்பீட் ஓவனை எனக்கு அனுப்பி வைக்கிறேன் என்கிறார். லேபிளில் 240 வோல்ட் என்று போட்டிருக்கிறது. ஜோகன்னஸ்பர்கில் போட்டால் ஓடும்தானே?

பதில்: வேண்டாம் தம்பி. அண்ணனின் பாசத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஓவனை அங்கேயே விற்கச் சொல்லுங்கள். அட்வான்ஷியம் 1999இல் வந்தபோது ஹாலஜன் விளக்குச் சூட்டோடு மைக்ரோவேவைச் சேர்த்துப் பேர் வாங்கிய ஓவன்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது.

அங்கே 240 வோல்ட் என்பது 120, 120 ஆக இரண்டு லைனில் வருவது. நமக்கோ ஒரே லைனில் 230 வோல்ட். வயரிங் முறையே வேறு. அதைவிடப் பெரிய தடை ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. அமெரிக்காவில் 60, தென்னாப்பிரிக்காவில் 50. மைக்ரோவேவுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 60க்கென்று செய்ததாக இருந்தால், 50இல் அதன் இரும்புக்குள் காந்தப் பாய்வு ஏறத்தாழ 15 சதவீதம் கூடிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் கொதித்து, நாளடைவில் கருகும். கடையில் விற்கும் கன்வெர்ட்டர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் கட்டி வரவழைத்தாலும், கெட்டுப்போனால் உதிரிப் பாகத்துக்கு மறுபடி அண்ணனைத்தான் கூப்பிட வேண்டும்.

கேள்வி: கரண்ட் போனால் சோலார் இன்வெர்ட்டரில் ஸ்பீட் ஓவன் ஓட்டலாமா? எங்களிடம் 5 கிலோவாட் இன்வெர்ட்டரும் 5 யூனிட் பேட்டரியும் இருக்கின்றன. (டர்பன் ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: இன்வெர்ட்டர் தாங்கும், பேட்டரிதான் பாவம். காற்றும் கிரில்லும் சேர்ந்து அரை மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட் வரை போய்விடும். ராத்திரி ஃப்ரிட்ஜுக்கும் விளக்குக்கும் வைத்திருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. வெறும் மைக்ரோவேவாக ஓட்டினால் ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட்தான் இழுக்கும், சோறு சூடு பண்ண சில நிமிடம்தானே, அதற்குப் பயப்பட வேண்டாம். வெயில் நன்றாக இருக்கும் மத்தியானத்தில் தாராளமாகச் சுடுங்கள். போன கரண்ட் திரும்பி வரும் நொடியில் வோல்ட் எகிறி ஓவனின் எலெக்ட்ரானிக் போர்டு போவதுண்டு. டிபி போர்டில் சர்ஜ் புரொடெக்டர் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

கேள்வி: வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது, ஓவன் சூடாகவில்லை. கடையில் ரிப்பேர் மட்டும்தான் செய்து தருவோம், பணம் திரும்பாது என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் பழுது என்றால் ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்வு செய்வது நீங்கள், கடைக்காரர் அல்ல. ரிப்பேருக்குச் சம்மதித்துக் கொடுத்து, 3 மாதத்துக்குள் அதே பழுது திரும்பினாலும் பழுது சரியாகாமல் இருந்தாலும், மாற்றித் தரவோ பணம் தரவோ வேண்டும். நீங்களே திறந்து நோண்டியிருந்தால் இந்த உரிமை போய்விடும், ஆகவே கை வைக்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், ரசீதின் நகலை வையுங்கள். மசியாவிட்டால் கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்புட்ஸ்மன் என்ற நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.