செஸ் ரேட்டிங்கும் ஆன்லைன் போட்டியும்: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகள்

லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளம் இலவசம் என்பதால் நம் மலையில் பிள்ளைகள் பலர் அதில்தான் ஆடுகிறார்கள். அதனால் பதில்களும் பெரும்பாலும் அந்தத் தளத்தின் விதிகளை வைத்தே.

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா: சார், மகளுக்கு ப்ளிட்ஸ் ரேட்டிங் 1480. 1500க்குள் இருப்பவர்களுக்கான அரீனாவில் சேர்க்க மாட்டேன் என்கிறது. ஏன்?

அம்மா, ரேட்டிங் என்பது ஆடுபவரின் பலத்தைக் காட்டும் எண்; ப்ளிட்ஸ் என்பது சில நிமிடங்களில் முடியும் வேக ஆட்டம்; அரீனா என்பது குறித்த நேரம் முடியும்வரை அடுத்தடுத்து ஆடும் போட்டி. முதலில் ரேட்டிங்குக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். '1480?' என்று இருந்தால் அது இன்னும் தற்காலிக ரேட்டிங், அதனால்தான் சேர்க்கவில்லை. குழந்தையின் பலம் எவ்வளவு என்று தளத்துக்கே இன்னும் உறுதியாகத் தெரியவில்லை என்று பொருள். அந்த உறுதியின்மையை ஒரு எண்ணாகவும் கணக்கிடுகிறார்கள். அது 110க்குக் கீழே வந்தால்தான் கேள்விக்குறி மறையும். பொதுவாக ஒரு டஜன் ரேட்டட் (ரேட்டிங் கணக்கில் சேரும்) ஆட்டங்கள் ஆடினால் போதும்.

கேள்விக்குறி இல்லையென்றால் இந்த வாரத்து உச்சத்தைப் பாருங்கள். வரம்பு போட்ட போட்டியில் இன்றைய எண்ணைப் பார்ப்பதில்லை, கடந்த ஒரு வாரத்தில் தொட்ட அதிகபட்ச எண்ணைத்தான் பார்க்கிறார்கள். புதன்கிழமை 1512 தொட்டுவிட்டு சனிக்கிழமை 1480க்கு இறங்கியிருந்தாலும் கதவு திறக்காது. வேண்டுமென்றே நாலு ஆட்டம் தோற்று, கீழ்ப்பிரிவில் நுழைந்து கோப்பையை அள்ளுபவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நியாயமான ஏற்பாடு.

சில போட்டிகளில் குறைந்தபட்ச ஆட்ட எண்ணிக்கையும் கேட்பார்கள். ப்ளிட்ஸைவிட நீண்ட நேரம் ஆடும் ராபிட்டில் 300 ஆட்டம் ஆடியிருந்தாலும் ப்ளிட்ஸ் கணக்கில் சேராது. எந்த நிபந்தனை இடிக்கிறது என்று போட்டிப் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

குன்னூர், கல்லூரி மாணவர்: அண்ணா, 1900 தொட்டுட்டேன். இனி போட்டியில ஆடினா இறங்கிடுமோன்னு பயமா இருக்கு. கொஞ்ச நாள் விட்டுடலாமா?

விடாதீங்க தம்பி. நன்றாக ஆடுகிற பல பேர் போட்டிப் பக்கமே வராமல் போவது இந்தப் பயத்தால்தான்.

கணக்கைப் பாருங்கள். எளிமைக்காக, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே பயன்படுத்தும் ஈலோ என்ற ரேட்டிங் முறையில் சொல்கிறேன். உங்களைவிட 200 புள்ளி குறைந்தவரோடு ஆடினால், ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 0.76 புள்ளி (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை) எடுப்பீர்கள் என்பது எதிர்பார்ப்பு. ஒரு ஆட்டம் ரேட்டிங்கை எவ்வளவு நகர்த்தலாம் என்று சொல்லும் மாற்றக் காரணி 20 என்றால், ஜெயித்தால் ரேட்டிங் 4.8 ஏறும், தோற்றால் 15.2 இறங்கும். மூன்று ஜெயித்து ஒன்று தோற்றால் 14.4 ஏறி 15.2 இறங்கும். மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தும் கையில் ஒன்றும் நிற்காது. இதைப் பார்த்துத்தான் மனசு சோர்கிறது. ஆனால் அந்த ஆட்டக்காரரிடம் அப்படி ஆடுவதுதான் 1900க்கு உரிய ஆட்டம். எண் நகராதது தண்டனை அல்ல.

லிசெஸ் பயன்படுத்துவது கிளிக்கோ-2 முறை. எண்கள் வேறு, தர்க்கம் இதேதான். அதில் இன்னொரு விஷயம் உண்டு. ஆடாமல் பூட்டி வைத்தால், முதல் பதிலில் சொன்ன உறுதியின்மை எண் மெல்ல ஏறும். திரும்பி வந்து ஆடும்போது ஒவ்வொரு தோல்விக்கும் முன்பைவிட அதிகமாகச் சரியும். பயம் தெளியும்வரை ரேட்டிங் கணக்கில் சேராத அரீனாக்களில் ஆடுங்கள்.

கூடலூர்: ஜூலை மழையில கரண்டும் நெட்டும் போயிடுது. ஒரு ஸ்விஸ் போட்டியில சுற்றுக்கு வரலைன்னு, அடுத்ததுல சேர விடலை.

ஸ்விஸ் என்பது சுற்றுக்குச் சுற்று ஜோடி போட்டு நடத்தும் போட்டி. கடைசி ஸ்விஸ் ஆட்டத்தை ஆடாதவரைச் சேர்க்காதே என்று அமைப்பாளர் நிபந்தனை வைக்கலாம். தோல்வியைவிட, வராமல் போன இந்தப் பதிவுதான் நுழைவை அதிகம் கெடுக்கும். எதிராளி சும்மா உட்கார்ந்து காத்திருக்க வேண்டியிருப்பதால் அமைப்பாளர்கள் இதில் கறாராக இருப்பார்கள்.

ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள். வாங்குமுன் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பாருங்கள்; பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். ஃபைபர் இணைப்பில் சுவரோரம் தனியாக இன்னொரு பெட்டி இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். போனில் வேறு கம்பெனி சிம் போட்டு, அதே கணக்கில் லாகின் செய்து வையுங்கள். வைஃபை போனால் போனைத் திறங்கள், பாதியில் நின்ற ஆட்டம் அப்படியே இருக்கும். மழை நாளில் 3+0 (ஆளுக்கு 3 நிமிடம் மட்டும்) வேண்டாம், 10+5 (10 நிமிடம், நகர்வுக்கு 5 நொடி கூடுதல்) மாதிரி நகர்வுக்கு நகர்வு நேரம் கூடும் போட்டியாகத் தேர்ந்தெடுங்கள். முடியாது என்று தெரிந்தால், அடுத்த சுற்றின் ஜோடி போடுமுன் விலகிக்கொள்ளுங்கள். தாமதமாகச் சேரவும் வழி உண்டு. பாதிச் சுற்றுகள் வரை சேரலாம், தவறியதற்கு மொத்தமாக அரைப் புள்ளி ஒரே ஒருமுறை கிடைக்கும்.

ஊட்டி, பள்ளி ஆசிரியை: 20 பிள்ளைகளுக்கு ஸ்விஸ் நடத்தப் போகிறேன். பாதிப் பேர் புதுக் கணக்கு.

டீச்சர், அங்கேதான் சிக்கல். புதுக் கணக்கு 1500இல் தொடங்கும். இரண்டு வருஷமாக ஆடி 1100இல் நிற்கும் பிள்ளை, நேற்று காய் நகர்த்தக் கற்ற பிள்ளைக்குக் கீழே வரிசையில் நிற்கும். ஸ்விஸ் முதல் சுற்றில் ரேட்டிங் வரிசையின் மேல்பாதியைக் கீழ்பாதியோடு கோர்க்கும். வரிசையே தப்பானால் ஜோடியும் தப்பாகும். அதனால் போட்டிக்கு முந்தைய வாரம் ஒவ்வொருவரும் 10, 15 ரேட்டட் ஆட்டம் ஆடட்டும். 20 பேருக்கு 5 சுற்று போதும். ஆசிரியர்களுக்கான வகுப்பு வசதியில் நீங்களே மாணவர் கணக்குகளை உருவாக்கலாம். ஒரு கணக்கில் இரண்டு பேர் ஆட விடாதீர்கள்.

பந்தலூர்: ஆன்லைன் ரேட்டிங்கைக் காட்டி நேரடி ஃபிடே போட்டியில் சேரலாமா?

முடியாது, இரண்டும் தனித்தனி. ஃபிடே ரேட்டிங் வர, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் வேண்டும். 2024 மார்ச் 1 முதல் அடிமட்டம் 1400.

குன்னூர்: நண்பன் கணக்குல 'விதிமீறல்'னு குறி விழுந்திருக்கு. புதுக் கணக்கு தொடங்கலாமா?

வேண்டாம். ஆட்டத்தில் கம்ப்யூட்டர் உதவி எடுத்தார் என்று முடிவானால் அவரிடம் தோற்ற எதிராளிகளுக்கு ரேட்டிங் புள்ளி திரும்பப் போகும், குறி எல்லார் கண்ணிலும் படும். மேல்முறையீட்டுப் பக்கத்தில் நடந்ததை ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள். பதில் வருமுன் இன்னொரு கணக்கு திறந்தால் அதுவே இன்னொரு மீறலாகிவிடும்.