கிளீனர் இறால்: செத்ததா, சட்டை கழற்றியதா?

காலையில் பார்த்தால், மீன்களின் மேல் ஒட்டியிருப்பதைக் கொறித்துச் சுத்தம் செய்யும் கிளீனர் இறால் கடல்மீன் தொட்டியின் அடியில் அசையாமல் கிடக்கிறது. ராத்திரி நன்றாகத்தான் இருந்தது.

தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சதையே இல்லாமல், கண்ணாடித்தாள்போல் லேசாக, தலை ஓடு வாலைச் சந்திக்கும் இடத்தில் பிளந்திருக்கிறதா? அப்படியானால் அது கழற்றிப்போட்ட சட்டை. மீசையும் கால் நுனியும்கூட அச்சு அசலாக இருப்பதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். நிஜமாகவே செத்த இறால் வெந்ததுபோல் வெளிறி, உள்ளே சதையோடு கனமாக இருக்கும்.

சட்டை கழற்றிய இறாலுக்குப் புது ஓடு இறுகும்வரை உடம்பு மெத்தென்று இருக்கும். ஒன்றிரண்டு நாள் கல்லிடுக்கை விட்டு வராது, சாப்பிடவும் செய்யாது. தேடுகிறேன் என்று கற்களைத் தயவுசெய்து புரட்டாதீர்கள். அப்புறம், அயோடின் சொட்டு விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினால் போதும், அது தேவையில்லை.

மீன்களில் வெள்ளைப் புள்ளி நோய். இறால் வாங்கிவிட்டால் சரியாகுமா?

ஆகாது. அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் புகுந்து வளர்வது. இறால் கொறிப்பதெல்லாம் மேலே இருக்கும் செத்த தோல், புண்ணின் ஓரம், கைக்கு எட்டும் சில ஒட்டுண்ணிகள். மீன் வந்து வாயைத் திறந்து நிற்பதும், இறால் உள்ளே புகுந்து துழாவுவதும் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வைத்தியத்துக்கு அதை நம்பக் கூடாது.

மீன்களை எல்லாம் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். செம்பு கலந்த மருந்தை இறால் இருக்கும் தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள், அது இறாலைக் கொன்றுவிடும். கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கசியவிடும். இறால் பழைய தொட்டியிலேயே இருக்கட்டும். மீன் இல்லாமல் ஆறு வாரத்துக்குக் குறையாமல் தொட்டியை விட்டுவைத்தால் ஒட்டுண்ணி பெரும்பாலும் பட்டினியில் ஒழிந்துபோகும்.

புது இறால், தொட்டியில் விட்ட அன்றே இறந்துவிட்டது. என்ன தவறு?

அவசரமாக இருக்கலாம். பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டுத் திறந்துவிடுவது பல மீன்களுக்குச் சரி, இறால் தாங்காது. என் முதல் இறாலை நான் இழந்தது அப்படித்தான், இன்றும் மனசு கேட்பதில்லை. காற்றுக்குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை இறால் வந்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் கலக்கவிடுங்கள். உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரியை ஒட்டி ஏறி இறங்காமல் இருக்கட்டும்.

என்னிடம் இருக்கும் இரண்டுமே முட்டை சுமக்கின்றன! ஆண் எது?

இரண்டுமேதான். இளசில் ஆணாக இருந்து, வளர்ந்ததும் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக ஆகிவிடும். சட்டை கழற்றியது பெண்ணாகும், மற்றது ஆணாக நடந்துகொள்ளும். அடுத்த முறை மாறிக்கொள்ளும். வயிற்றடியில் பச்சையாகத் தெரிவதுதான் முட்டை. குஞ்சுகளை வளர்ப்பது மிகக் கடினம், பெரும்பாலும் மீனுக்கு இரையாகிவிடும்.

லயன்ஃபிஷ் இருக்கிறது, சேர்க்கலாமா?

வேண்டாம். விழுங்கிவிடும்.

பவளத்துக்குப் போடும் தீனியை இறால் பிடுங்கிக்கொள்கிறது.

முதலில் அதன் கையில் ஒரு துண்டு மைசிஸ் (தீனியாகப் போடும் குட்டி இறால் போன்ற உயிரி) கொடுத்துவிடுங்கள். அதைத் தின்று முடிப்பதற்குள் பவளம் வாயை மூடிக்கொள்ளும்.