சானகி நகுவள்

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். பக்கத்து ஊர்ப் பகவதி கோயிலில் பங்குனியில் தோல்பாவைக்கூத்து, கம்பராமாயணத்தைப் பாடி நடத்தும் நிழற்பாவை ஆட்டம், பார்த்தேன். இராவணன் தோற்றுத் திரும்பும் இடத்தில் கண் கலங்கிவிட்டது. "சீதையைத் தொடக்கூட இல்லையே, அவனைப் போய்க் கெட்டவன் என்கிறீர்களே" என்கிறான் என் தம்பி. இராமனைத் தெய்வமாகப் பாடிய கம்பர் இராவணனை ஏன் இவ்வளவு உயர்த்தினார்?

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தம்பிக்கு. வால்மீகியின் இராவணன் சீதையைக் கூந்தலைப் பற்றித் தூக்குகிறான். கம்பனின் இராவணன் தரையோடு பெயர்த்து எடுக்கிறான். சரிதான். ஆனால் அந்தப் பாட்டிலேயே காரணமும் இருக்கிறது: 'தீண்டான், அயன் மேல் உரை சிந்தைசெயா'. விரும்பாத பெண்ணைத் தொட்டால் சாவாய் என்று பிரமன் சொன்ன சாபம் நினைவுக்கு வந்தது, கை பின்வாங்கியது. உயிருக்குப் பயந்ததை ஒழுக்கத்தின் கணக்கில் வரவு வைக்க வேண்டாம்.

நீங்கள் கண் கலங்கியது வேறு விஷயம். நானும் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கூத்துமாடத்தின், அதாவது கோயிலில் பாவை ஆட்டும் அரங்கின், முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். திரைக்குப் பின்னால் 21 தேங்காய்மூடிகளில் விளக்கு. எதிரே நானும், சால்வைக்குள் தூங்கிப்போன ஒரு பெரியவரும்தான். ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நிற்பதில்லை. தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்ததால் இலங்கைப் போரைக் காணத் தவறிய பத்ரகாளிக்காக நடப்பது அது. பாவை ஆட்டும் புலவர், மலையாளம் பேசுபவர், கம்பன் பாட்டைத் தமிழில் பாடினார்.

வாரணம் பொருத மார்பும், வரையினை எடுத்த தோளும்,
நாரத முனிவற்கு ஏற்ப நயம்பட உரைத்த நாவும்

என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், எல்லாவற்றையும் களத்தில் போட்டுவிட்டு 'வெறுங் கையோடு இலங்கை புக்கான்' என்று முடித்தபோது, திரையில் இராவணப் பாவை அசையாமல் நின்றது. விளக்குச் சுடர் ஆடியதால் நிழல் மட்டும் நடுங்கியது. எனக்கும் தொண்டை அடைத்தது; மறைப்பானேன்.

ஆனால் அரண்மனைக்குப் போனபின் வரும் பாட்டைப் பாருங்கள். வானம் சிரிக்கும், மண் சிரிக்கும், பகைவர் எல்லாம் சிரிப்பார்கள். அதற்கெல்லாம் அவன் நாணவில்லையாம். பிறகு?

வேல் நகு நெடுங் கண், செவ் வாய், மெல் இயல், மிதிலை வந்த
சானகி நகுவள் - என்றே நாணத்தால் சாம்புகின்றான்.

இராவணனைக் கம்பன் முழுதாகப் பிடித்த இடம் எனக்கு இதுதான். அசோகவனத்தில் அவள் மாதக்கணக்காக அழுதுகொண்டிருக்கிறாள். அது அவனைத் தொடவில்லை. அவள் சிரித்துவிடுவாளோ என்பதில் உடைந்துபோகிறான். இதைக் காதல் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. காதல் என்று ஒப்புக்கொள்ளவும் கூசுகிறது.

தெரியாமல் கெட்டவன் என்றும் தப்பிக்க வழியில்லை. 'பேசுவது மானம், இடை பேணுவது காமம்' என்று இராவணனின் தம்பி கும்பகருணன் சபையிலேயே முகத்துக்கு நேரே சொன்னான். வீடணன் சொன்னான். கடைசியில் இந்திரசித்தே சீதையை விட்டுவிடச் சொன்னபோது, இராமன் பேர் நிற்கும்வரை நானும் நிற்பேன் அல்லவா, 'புகழுக்கும் இறுதி உண்டோ?' என்கிறான் இராவணன். அந்தக் கணக்கு பலித்துவிட்டது என்பதுதான் சங்கடம். நீங்களும் நானும் இப்போது அவனைப் பற்றித்தானே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

உயர்த்தியது ஏன் என்றால், அற்பன் ஒருவன் அழிவதற்குக் கம்பன் தேவையில்லை.

அடுத்த ஆண்டு தம்பியையும் கூட்டிப் போங்கள். முதல் நாள் போர் வரும் இரவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாயும் கம்பளியும் எடுத்துப் போங்கள், பின்னிரவில் பனி இறங்கும். 'சானகி நகுவள்' என்ற இடத்துக்குப் புலவர் என்ன பொருள் சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள். நான் போன அன்று, அந்தப் பாட்டு வருவதற்குள் தூங்கிவிட்டேன்.