ஆலிஸ் தானாகப் போகவில்லை

அன்புள்ள அக்கா,

நாகர்கோவிலில் எங்கள் வாசிப்புக் குழு இந்த மாதம் அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் ‘கின்ட்ரெட்’ நாவலை எடுத்துக்கொண்டது. காலப்பயணக் கதை என்று ஆவலோடு தொடங்கினேன். பாலியல் வன்முறை வந்ததும் பாதியில் மூடிவிட்டேன். அறிவியல் புனைவுக்கு இதெல்லாம் எதற்கு? முன்பு ஆல்ஃப்ரெட் பெஸ்டரை வாசித்தபோதும் இதே ஒவ்வாமை வந்தது. தவிர, ஆலிஸ் தானாகவே ரூஃபஸிடம் போகிறாளே, அதை எப்படி வன்முறை என்பது என்று குழுவில் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. மேற்கொண்டு வாசிக்கலாமா?

ச.

அன்புள்ள தம்பி,

சில வாரங்களாக நானும் இந்த நாவலைத்தான் மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் உடனே எழுதுகிறேன். மனம் தாளாமல் புத்தகத்தை மூடியதில் குற்றமில்லை. எனக்கும் அப்படி நேர்ந்ததுண்டு. பெஸ்டரின் 1956ஆம் ஆண்டு நாவலான ‘த ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷ’னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராபின் என்ற பெண்ணுக்கு நாயகன் ஃபாயில் இழைக்கும் கொடுமை அதில் அவனுடைய மனமாற்றக் கதைக்கு ஒரு படிக்கல்லாகிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஆலிஸைப் பற்றி நீங்கள் எழுதியதை என்னால் அப்படிக் கடந்துபோக முடியாது. குழுவில் எல்லோரும் வாயடைத்துப்போனதை உங்கள் கேள்வியின் கூர்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுதந்திரப் பெண்ணாகப் பிறந்தவள் ஆலிஸ். அடிமையான கணவனோடு தப்பியோடிப் பிடிபட்டு, நாய்கள் குதறிய உடம்போடு, பண்ணை முதலாளியின் மகன் ரூஃபஸின் உடைமையாகிறாள். காயம் ஆறியதும் அவன் கூப்பிடுகிறான். போகலாம், மறுத்து, அடிபட்டு, அதன் பிறகும் அதையே அனுபவிக்கலாம், இல்லையென்றால் மறுபடி ஓடி, மறுபடி நாய்களிடம் சிக்கலாம். இந்த மூன்றுக்கும் நடுவே நிறுத்தப்பட்ட ஒருத்தியைப் பற்றி ‘தானாகவே போகிறாள்’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இந்த வாதம் உங்களுடையதுகூட அல்ல. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் ஆதிவாசிச் சிறுமி ஒருத்திக்கு நடந்த கொடுமையை விசாரித்த உச்ச நீதிமன்றம், உடம்பில் காயமில்லை, அவள் கூச்சலிடவுமில்லை, ஆகவே இணங்கியிருக்கிறாள் என்று கருதி, 1978இல் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. மறு ஆண்டு உபேந்திர பக்ஷி உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் திறந்த மடல் எழுதி, அஞ்சிப் பணிவது வேறு, விரும்பி இசைவது வேறு என்பதை நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகளுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது. பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 1983இல்தான் சட்டம் திருந்தியது. பட்லரின் நாவல் வெளிவந்ததும் அந்த மடல் எழுதப்பட்ட அதே 1979இல்தான்.

அறிவியல் புனைவுக்கு இது எதற்கு என்றீர்கள். 1976இல் கலிஃபோர்னியாவில் வாழ்ந்து, அடிமைமுறைக் காலத்துக்கு மறுபடி மறுபடி இழுக்கப்படும் கதாநாயகி டேனாவுக்கு ரூஃபஸும் ஆலிஸும் மூதாதையர். அவர்களுக்கு 1831இல் ஹேகர் என்ற மகள் பிறந்தால்தான் டேனாவின் வம்சமே உண்டு. ஆலிஸிடம் பேசி இணங்கவைக்க ரூஃபஸ் அனுப்புவது அந்த டேனாவைத்தான். தான் பிறப்பதற்காக இன்னொருத்தி சிதைய வேண்டும் என்று தெரிந்தே அவள் போய்ப் பேசுகிறாள். வழிவந்த பேத்தியை இப்படிக் கொண்டுபோய் அந்த அறையின் வாசலில் நிறுத்தக் காலப்பயணத்தை விட்டால் வேறு வழியில்லை.

எங்கள் ஊர் ஈத்தாமொழிப் பக்கம். தேங்காய் நாரான தும்பை மடியில் கட்டிக்கொண்டு, ராட்டில் ஒரு நுனியை மாட்டிவிட்டுப் பின்னோக்கி நடந்துகொண்டே கயிறு திரிப்பார்கள். எனக்குச் சித்தி முறையாக வேண்டிய ஒருவர் அதில் கைதேர்ந்தவர். அவருக்கு அப்படியொன்று நடந்து, பெரியவர்கள் கூடிப் பேசி அதை அமுக்கிய பிறகு, கொட்டகைக்குத் திரும்பிவந்தார். பின்னோக்கி மட்டும் நடக்கவில்லை. கூலி குறைந்த, சிறுபிள்ளைகள் செய்கிற ராட்டுச் சுற்றும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சுவரில் முதுகை ஒட்டியபடி இருந்தார். சித்திக்கு மேலுக்கு முடியல்ல என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓரடிகூட எடுத்துவைக்க அவரால் முடியவில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது. அலறலை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ராட்டடியில் வந்து உட்கார்ந்த அந்த உடம்பை எழுதியவர்கள் மிகக் குறைவு.

மேரி டோரியா ரஸ்ஸல் ‘த ஸ்பாரோ’வில் (1996) அதை எழுதினார். வேற்றுக்கோளில் வன்புணரப்பட்டுத் தனியாகத் திரும்பும் இயேசு சபைப் பாதிரியார் எமிலியோ சாண்டோஸுக்கு முன்பாகவே, அவர் அங்கே விபசார விடுதியில் இருந்தார் என்ற செய்தி பூமிக்கு வந்துவிடுகிறது. சிதைக்கப்பட்ட கைகளோடும் தலைவலியோடும் கெட்ட கனவுகளோடும் அவர் தன் சபையாரின் விசாரணைக்கு முன்னால் உட்காருகிறார். நடந்ததைச் சொல்ல அவர் வாய் திறப்பதற்குள் ஏறக்குறைய நாவலே முடிந்துவிடுகிறது. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அந்தப் பாதிரியார் எதிரே வந்து நின்றால், நீங்களாகத்தானே போனீர்கள் என்று அவரிடம் கேட்பீர்களா?

‘கின்ட்ரெட்’டின் முதல் சில பக்கங்களுக்குத் திரும்பிப் போங்கள். ஒரு கையை இழந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் டேனா, காவலர்கள் தன் கணவனைச் சந்தேகிக்கும்போதும், விபத்து என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்று அடைத்துவிடுவார்கள். முதல் வாசிப்பில் அது வெறும் மர்மமாகத் தெரிந்திருக்கும். அதை மறுபடி வாசித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அடுத்த கூட்டத்தில் ஆலிஸைப் பற்றி நீங்களே முதலில் பேசுங்கள். என்ன பேசினீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா